மாதிரிக் கப்பலில் ப்ரொப்பல்லர் தண்டுத் தாங்கி: செய்வதும் பொருத்துவதும்

கேள்வி இதுதான். இரட்டை ப்ரொப்பல்லர் வைத்த போர்க்கப்பல் மாதிரி. தண்டு 4 மி.மீ., தண்டுக் குழாய் 200 மி.மீ. குழாய் உடலை விட்டு வெளியே வந்த பிறகு ப்ரொப்பல்லர் வரை 120 மி.மீ. தண்டு அந்தரத்தில் நிற்கிறது. அந்தத் தண்டைப் பிடிக்க, கப்பல் உடலில் கால் ஊன்றி நிற்கும் தாங்கியைப் பித்தளையில் செய்து ஒட்டியாயிற்று. ஒட்டியதிலிருந்து தண்டு இறுகுகிறது, மோட்டார் சூடாகிறது. தாங்கியை எப்படிச் செய்ய வேண்டும், எப்படிப் பொருத்தினால் இறுகாது?

முதலில் இறுக்கத்தைப் பார்ப்போம். ஒரே தண்டை இப்போது மூன்று இடங்கள் பிடிக்கின்றன: குழாயின் உள்முனை புஷ் (தண்டு நுழைந்து சுற்றும் சிறு உருளை), வெளிமுனை புஷ், தாங்கியின் புஷ். எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டுவிடலாம். மூன்றாவது புள்ளி அதே கோட்டில் வந்து விழுந்தாக வேண்டும். புஷ்ஷில் இருக்கும் இடைவெளி 0.05 மி.மீ. அளவுதான் என்னும்போது தாங்கி 0.3 மி.மீ. தள்ளி நின்றாலே தண்டு வளைந்தபடிதான் சுற்றும். தாங்கியை அளந்து, கோடு போட்டு, துளையிட்டு ஒட்டினால் இந்தத் துல்லியம் வரவே வராது. எவ்வளவு கவனமாக அளந்தாலும் வராது. தண்டை நேராக நிறுத்திவிட்டு, அதன் மேலேயே தாங்கியைத் தொங்கவிட்டு, பசை இறுகும்வரை அதை விட்டுவைப்பதுதான் வழி. கீழே சொல்வது எல்லாமே அதற்கான ஏற்பாடு.

தாங்கி இல்லாமலேயே விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சுற்றும் தண்டுக்கு ஒரு வேக எல்லை இருக்கிறது. அதை நெருங்கினால் தண்டு கயிறு சுழற்றுவதுபோல் வில்லாக வளைந்து அடிக்கத் தொடங்கும். இரு முனையும் சாதாரண புஷ்ஷில் நிற்கும் 4 மி.மீ. எஃகுத் தண்டுக்குக் கணக்குப் போட்டால், பிடிகளுக்கு இடையே 150 மி.மீ. என்றால் எல்லை நிமிடத்துக்குச் சுமார் 21,000 சுற்று, 200 மி.மீ. என்றால் 11,900; 300 மி.மீ. என்றால் 5,300 மட்டுமே. நீளம் இரண்டு மடங்கானால் எல்லை நான்கில் ஒன்றாகிவிடுகிறது. இது இரண்டு முனையும் பிடித்திருக்கும்போது. ஒரு முனை அந்தரத்தில் தொங்கி, அந்த முனையில் ப்ரொப்பல்லரின் எடையும் சேர்ந்தால் எல்லை இன்னும் வெகுவாக இறங்கும். 120 மி.மீ. தொங்கலுக்குத் தாங்கி கட்டாயம் வேண்டும்.

இந்தக் கணக்கு இன்னொரு முடிவுக்கும் உதவும். மூன்று பிடிகளில் ஒன்றைத் தளர்த்திவிட்டால் இறுக்கப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். குழாயின் வெளிமுனை புஷ்ஷை 4.5 மி.மீ. ட்ரில்லால் பெரிதாக்கினால், தண்டைப் பிடிப்பவை உள்முனை புஷ்ஷும் தாங்கி புஷ்ஷும் மட்டுமே. ஆனால் அப்போது பிடிகளுக்கு இடையே 320 மி.மீ. ஆகிவிடும், எல்லை சுமார் 4,600 சுற்று. மோட்டார் 3,000 சுற்றுக்குள் மெதுவாக ஓடும் கப்பல் என்றால் தாராளமாகச் செய்யலாம். அதற்கு மேல் என்றால் வெளிமுனை புஷ்ஷைத் தொடாமல் விட்டு, நேர்ப்படுத்தலில் உழைப்பைப் போடுங்கள். வெளித்தோற்றம் முக்கியமில்லை என்றால் மூன்றாவது வழியும் உண்டு: குழாயையே நீட்டி, தாங்கி தண்டைப் பிடிக்காமல் குழாயைப் பிடிக்கும்படி செய்துவிடலாம். தாங்கிக்கும் குழாய்க்கும் நடுவே அரை மி.மீ. இடைவெளி விட்டு எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) நிரப்பினால் போதும், இறுகும் பேச்சே இல்லை. அசல் கப்பலில் மெல்லிய தண்டு தெரியும் இடத்தில் தடித்த குழாய் தெரியும், அவ்வளவுதான் குறை.

அடுத்து வடிவம். ஒற்றைக் கால் தாங்கி சிறிய, ஒரே ப்ரொப்பல்லர் படகுகளுக்குச் சரி. இரட்டைத் தண்டுக் கப்பலுக்கு இரட்டைக் கால்தான். பக்கவாட்டு அதிர்வை ஒற்றைக் கால் தாங்காது. இரண்டு கால்களுக்கும் இடைப்பட்ட கோணம் 60 முதல் 80 டிகிரிக்குள் இருக்கட்டும். நான்கு இலை ப்ரொப்பல்லருக்கு 90 டிகிரியையும் மூன்று இலைக்கு 120 டிகிரியையும் தவிருங்கள். அந்தக் கோணத்தில் கால் வைத்தால் இரண்டு இலைகள் ஒரே நொடியில் இரண்டு கால்களையும் கடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதிர்வு இரட்டிப்பாகக் கேட்கும்.

தாங்கிக்கு மூன்று பாகம்: தண்டு நுழையும் குடம், குடத்துக்குள் புஷ், உடலோடு இணைக்கும் கால்கள். 4 மி.மீ. தண்டுக்குப் பொருத்தமான அளவு: புஷ் வெளிவிட்டம் 6 மி.மீ., உள்விட்டம் 4 மி.மீ.; குடம் வெளியே 7, உள்ளே 6 மி.மீ. உள்ள பித்தளைக் குழாய், நீளம் 12 மி.மீ. புஷ்ஷின் நீளம் தண்டு விட்டத்தைப் போல் மூன்று மடங்கு இருந்தால் போதும். அதிக நீளம் பலம் என்று 25 மி.மீ. வைப்பவர்கள் நேர்ப்படுத்த முடியாமல் திண்டாடுவார்கள், ஏனென்றால் நீளமான புஷ் கோணப் பிழையை மன்னிக்காது. கால்களுக்கு 8 மி.மீ. அகல, 1.5 மி.மீ. தடிப்புள்ள பித்தளைப் பட்டை. ப்ரொப்பல்லர் விட்டம் 40 மி.மீ.க்கு மேல் போனால் 2 மி.மீ. தடிப்பு எடுங்கள். 1 மி.மீ. பட்டை வேண்டாம், வெள்ளிப் பற்றாசு (உருக்கி ஊற்றி உலோகங்களை இணைக்கும் வெள்ளிக் கலவை) வைக்கும் சூட்டில் பித்தளை முழுவதும் இளகிப் பதம் போய்விடும், பிறகு விரலால் அழுத்தினாலே வளையும்.

புஷ்ஷுக்கான பொருளில்தான் பலர் தவறுகிறார்கள். நைலான் தண்ணீரை உறிஞ்சி ஊதும். மேசையில் வழுவழுவென்று சுற்றிய தண்டு, குளத்தில் இறங்கி அரை மணியில் இறுகிப்போவதற்கு இதுவே காரணம். எண்ணெய் ஊறவைத்த துளைநிறை வெண்கல புஷ்ஷும் தண்ணீருக்குள் வேண்டாம். எண்ணெய் கழுவிப் போனபின் அந்த நுண்துளைகளில் அரிப்புப் பிடிக்கும். பாஸ்பர் வெண்கலம் நல்லது. டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கும் நல்லது, அது தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும், தண்ணீரே அதற்கு மசகு. 3.9 மி.மீ. ட்ரில் போட்டு 4 மி.மீ. ரீமரால் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) முடித்தால் துளை சரியாக வரும். ரீமர் இல்லையென்றால் 4.1 மி.மீ. ட்ரில் போதும், கொஞ்சம் சத்தம் கூடும். புஷ்ஷின் உள்ளே நீளவாக்கில் மூன்று சின்னப் பள்ளங்களை முக்கோண ஊசி அரத்தால் அரை மி.மீ. ஆழத்துக்கு இழுத்துவிடுங்கள். தண்ணீர் உள்ளே ஓடும், மண் துகள் சிக்காமல் வெளியேறும். பெரிய படகுகளின் ரப்பர் தாங்கி புஷ்களிலும் இதே பள்ளங்கள்தான் இருக்கின்றன.

கால் நீளத்தை வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். உடலைக் கவிழ்த்து வைத்து, குழாய்க்குள் நேரான 4 மி.மீ. கம்பியைச் செருகித் தாங்கி வரும் இடம் தாண்டி நீட்டிக்கொள்ளுங்கள். கெட்டி அட்டையில் 4 மி.மீ. துளையிட்டு அந்தக் கம்பியில் கோத்து, கம்பிக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். அட்டையின் விளிம்பை உடலின் வளைவுக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, இடைவெளி இல்லாமல் உட்காரும்வரை கொண்டுவாருங்கள். பிறகு துளையின் மையத்திலிருந்து கால்களின் கோணத்தில் இரண்டு கோடு இழுத்தால் அவை அட்டை விளிம்பைத் தொடும் இடமே உடலில் துளை வரும் இடம். மையத்திலிருந்து அதுவரை உள்ள தூரமே வெளியே தெரியும் கால் நீளம். அதோடு உள்ளே போவதற்கு 15 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். மறுபக்கத்துக்கு அதே அட்டையைப் புரட்டிப் போட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் இரண்டு தண்டுக் குழாய்களும் சமச்சீராக இல்லை. அதைத் தாங்கி செய்யும் முன்பே திருத்த வேண்டும்.

இனி செய்முறை. கால்களை வெட்டிக் குடத்தின் மேல் முட்டவைத்துப் பற்றாசு போடுவது பார்க்க அழகு, ஆனால் 1.5 மி.மீ. விளிம்பு மட்டுமே ஒட்டும் இணைப்பு அது. ஒரே நீளப் பட்டையை எடுத்து நடுவில் குடத்தைச் சுற்றி வளைத்து, இரு முனைகளையும் இரண்டு கால்களாக விரித்துவிடுவது வலுவானது. பட்டை குடத்தின் பாதிச் சுற்றளவுக்கு மேல் அணைத்துப் பிடிக்கும், பற்றாசுக்கு அகலமான இடம் கிடைக்கும். வளைக்கும் முன் பட்டையின் நடுப்பகுதியை மங்கலான சிவப்பு வரும்வரை சுட்டு ஆறவிட்டால் விரிசல் விடாது. அளவு மாதிரியில் அந்தச் சுற்று கொஞ்சம் தடிப்பாகத் தெரியும். பற்றாசு வைத்த பிறகு அரத்தால் ராவிக் குறைத்துக்கொள்ளலாம். முட்டு இணைப்புதான் வேண்டும் என்றால், காலின் முனையை உருண்டை அரத்தால் குடத்தின் வளைவுக்கு ஏற்பக் குழிவாக ராவுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி தெரியக் கூடாது.

பிடிப்புக் கருவி எளிது. தீயைத் தாங்கும் செங்கல்லிலோ சிமெண்ட் பலகையிலோ செங்குத்தாக 6 மி.மீ. துளையிட்டு எஃகுக் கம்பி ஒன்றை நட்டு, அதில் குடத்தைக் கோத்து நிறுத்துங்கள். பலகையில் கோணத்தை வரைந்து, கால்கள் அந்தக் கோட்டில் நிற்கும்படி ஆணி அடித்துக்கொள்ளுங்கள். குடம் 12 மி.மீ., கால் 8 மி.மீ. என்பதால் கால்களின் அடியில் 2 மி.மீ. தகடு கொடுத்தால் அவை குடத்தின் நடுவே வரும். எஃகுக் கம்பியில் மார்க்கர் மையோ பென்சில் கரியோ நன்றாகப் பூசுங்கள். பூசாவிட்டால் பற்றாசு வழிந்து குடமும் கம்பியும் ஒன்றாகிவிடும். புஷ் இந்த நேரத்தில் உள்ளே இருக்கக் கூடாது. டெல்ரின் உருகும், வெண்கலம் கோணலாக ஒட்டிக்கொள்ளும்.

55 சதவீத வெள்ளி உள்ள, காட்மியம் இல்லாத பற்றாசு 630 முதல் 660 டிகிரி செல்சியஸில் உருகும். பித்தளை உருக 900 டிகிரி வேண்டும். நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது, பயப்பட வேண்டியதில்லை. பற்றாசு ஓடி ஒட்ட உதவும் பூச்சுதான் ஃப்ளக்ஸ்; அதற்கு வழக்கமாக எடுக்கும் வெங்காரம் மட்டும் இந்தப் பற்றாசுக்குப் பொருந்தாது. அது 750 டிகிரிக்கு மேல்தான் ஒழுங்காக வேலை செய்யும். இந்த வகைப் பற்றாசுக்கென்றே விற்கும் ஃப்ளோரைடு கலந்த ஃப்ளக்ஸை வாங்கிக் குழைத்துப் பூசுங்கள். அதன் புகையை மூச்சில் இழுக்காமல் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். ஒட்டும் இடத்தை முதலில் 240 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதன் பிறகு விரலால் தொடாதீர்கள். இணைப்பு ஒன்றுக்கு 3 மி.மீ. நீளத் துண்டு பற்றாசை மேலே வைத்து, தீயைப் பற்றாசின் மேல் காட்டாமல் குடத்தின் மேல் காட்டுங்கள். கால்களின் மேல் நேராகக் காட்டினால் அவை முதலில் சிவந்துவிடும், பற்றாசு சூடான பக்கமே ஓடும் என்பதால் கால் மேல் ஏறிவிடும், இணைப்பு காலியாக நிற்கும். ஃப்ளக்ஸ் குமிழியிட்டு, வெண்மை போய்க் கண்ணாடிபோல் தெளிந்ததும் கொஞ்சம் பொறுங்கள். அடுத்த சில நொடிகளில் பற்றாசு துண்டு ஒரு மினுமினுப்புடன் இணைப்புக்குள் உறிஞ்சப்படும். அந்த மினுமினுப்பு தெரிந்த உடனே தீயை எடுத்துவிடுங்கள். ஆறியதும் 10 சதவீத சிட்ரிக் அமில வெந்நீரில் அரை மணி நேரம் போட்டால் கறையும் ஃப்ளக்ஸும் கரைந்துவிடும்.

சாதாரண ஈயப் பற்றாசு போதுமா? பட்டையைச் சுற்றி வளைத்த தாங்கிக்கு, மெதுவாக ஓடும் கப்பலுக்குப் போதும். முட்டு இணைப்புக்குப் போதாது; ப்ரொப்பல்லர் ஒரு சுள்ளியில் மாட்டினாலே கழன்றுவிடும்.

பிறகு கால்களுக்கு வடிவம். முன்விளிம்பை உருண்டையாகவும் பின்விளிம்பை அரை மி.மீ. வரை மெலிந்தும் வரும்படி ராவுங்கள். சப்பைப் பட்டையை அப்படியே விட்டால் பின்னால் சுழல் எழும், அந்தக் குழம்பிய தண்ணீரில்தான் ப்ரொப்பல்லர் இலை வெட்டும். உடலுக்குள் போகும் 15 மி.மீ. பகுதியை ராவாதீர்கள், அதில் 2 மி.மீ. துளை இரண்டு போட்டு, 80 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். எபாக்ஸி அந்தத் துளைகளில் புகுந்து ஆப்பு அடித்ததுபோல் பிடிக்கும்.

இனிப் பொருத்துதல். உடலின் உட்புறத்தில், கால்கள் வரும் இடத்தில் 5 மி.மீ. பிளைவுட் துண்டு ஒட்டுங்கள். கண்ணாடியிழை உடல் 2 மி.மீ. மட்டுமே இருக்கும், அது தனியாகத் தாங்காது. அட்டை காட்டிய இடத்தில் துளை போடும்போது காலின் அளவுக்கு இறுக்கமாகப் போடாமல் சுற்றிலும் 1 மி.மீ. பெரிதாக விடுங்கள். இந்த வேலையிலேயே முக்கியமான அளவு இதுதான். துளை இறுக்கமாக இருந்தால் துளைதான் தாங்கியின் இடத்தைத் தீர்மானிக்கும், தண்டு அதற்கு வளைந்து கொடுக்க வேண்டிவரும். துளை தளர்வாக இருந்தால் தண்டு தீர்மானிக்கும்.

நேர்ப்படுத்தும் கம்பியைக் கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டிப் பாருங்கள். அடியில் ஒளி விட்டுவிட்டுத் தெரிந்தால் அந்தக் கம்பி வளைந்தது, வேறு எடுங்கள். வளையாத 4 மி.மீ. கம்பிக்கு மெழுகு தேய்த்து, குழாயின் இரண்டு புஷ் வழியாகவும் தாங்கியின் புஷ் வழியாகவும் செருகுங்கள். தாங்கி நழுவாமல் இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றுங்கள். கால்கள் துளைகளுக்குள் எதையும் தொடாமல் மிதக்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் கையால் அழுத்திச் சமாளிக்காதீர்கள், கம்பியை எடுத்துவிட்டுத் துளையை அரத்தால் தள்ளுங்கள். அழுத்தி ஒட்டினால் பசை இறுகிய பின்னும் அந்த விசை அங்கேயே இருக்கும், தண்டை அது காலம் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்கும். உங்கள் தாங்கி இறுகியதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

உடலைக் கவிழ்த்த நிலையில், இரண்டு தாங்கிகளும் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் உள்ளனவா, மேசையிலிருந்து சம உயரத்தில் உள்ளனவா என்று பாருங்கள். கால்கள் கப்பல் ஓடும் திசைக்கு இணையாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் திரும்பி நின்றால் அது நிலையாகத் திருப்பிய சுக்கான்போல் வேலை செய்யும். பிறகு ஒவ்வொரு காலுக்கும் ஒரு சொட்டு ஐந்து நிமிட எபாக்ஸி மட்டும் வைத்து நிறுத்துங்கள். இறுகியதும் கம்பியை உருவி மறுபடி செருகுங்கள். அது தன் எடையிலேயே மூன்று புஷ் வழியாகவும் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்தச் சொட்டை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்யுங்கள். இந்தக் கட்டத்தில் திருத்துவது பத்து நிமிட வேலை, அடுத்த கட்டத்துக்குப் பிறகு அரை நாள்.

சரியாக வந்த பிறகே உடலை நிமிர்த்தி, உட்புறம் 24 மணி நேர எபாக்ஸியில் நறுக்கிய கண்ணாடியிழை கலந்து கால்களைச் சுற்றி நிரப்புங்கள். கம்பி உள்ளேயே இருக்கட்டும். மெழுகு இருப்பதால் ஒட்டாது, ஆனாலும் முதல் சில மணி நேரம் அவ்வப்போது ஒரு சுற்று திருப்பிவிடுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். தடித்த எபாக்ஸி இறுகும்போது தானே சூடேறும், பிளாஸ்டிக் உடலாக இருந்தால் உருக்குலைக்கும், தாங்கியையும் நகர்த்தும். இரண்டு தடவையாகப் போடுங்கள். பித்தளையையும் உடலையும் அசிட்டோன் வைத்துத் துடைப்பது வழக்கம், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் உடலில் மட்டும் அசிட்டோன் படக் கூடாது, கரைத்துவிடும், அங்கே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். பின்தளம் மூடியாகிவிட்டது, உள்ளே கை போகாது என்றால், கால்களின் முனையில் சிறு பாதத் தகடு பற்றவைத்து வெளிப்புறமாகப் பதித்து எம்-2 (2 மி.மீ.) திருகுகளால் பிளைவுட்டில் இறுக்கலாம். அப்போதும் தகட்டுக்கு அடியில் எபாக்ஸி மெத்தை போட்டு, அது இறுகிய பிறகே திருகை முறுக்குங்கள். முன்னதாக முறுக்கினால் தாங்கி இழுபடும்.

மோட்டாரைக் கடைசியாகத்தான் வைக்க வேண்டும். தண்டு தாராளமாகச் சுற்றுவது உறுதியான பின் அதன் கோட்டுக்கு மோட்டாரைக் கொண்டுவாருங்கள்.

உந்துவிசையை யாரும் நினைப்பதில்லை. கப்பல் முன்னே போகும்போது ப்ரொப்பல்லர் தண்டை உடலுக்குள் தள்ளுகிறது. ப்ரொப்பல்லருக்கு முன்னால் உள்ள பூட்டு நட்டு தாங்கியின் குடத்தில் போய் முட்டினால், முழு உந்துவிசையும் அந்த மெல்லிய கால்களில் விழும். நட்டுக்கும் குடத்துக்கும் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். தண்டு குழாயை விட்டு வெளியேறும் இடத்தில் 8 மி.மீ. விட்டக் காலர் (தண்டில் மாட்டும் வளையம்) ஒன்றைத் திருகு வைத்துப் பொருத்தினால், முன்னோட்ட விசை குழாயின் முனையில் இறங்கிவிடும். பின்னோட்டத்துக்குக் குழாயின் உள்முனையில் இன்னொரு காலர். இரண்டுக்கும் தண்டில் திருகு உட்கார அரத்தால் சிறு தட்டை இடம் ராவிக்கொள்ளுங்கள். ப்ரொப்பல்லர் குடத்தை நெருங்கியே இருக்கட்டும், 5 மி.மீ.க்கு மேல் தள்ளிப்போனால் தாங்கி வைத்ததன் பலன் குறையும். இலை நுனிக்கும் உடலுக்கும் நடுவே விட்டத்தில் 15 சதவீதமாவது இடம் விடுங்கள். தண்டைப் பின்பக்கமாக உருவ வேண்டியிருக்கும் என்பதால், சுக்கான் வழியில் நிற்கிறதா என்றும் இப்போதே பாருங்கள்.

எல்லாம் முடிந்து இன்னும் இறுக்கம் தெரிந்தால், தண்டை விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இறுகி, மற்ற இடத்தில் விட்டால் தண்டு வளைந்திருக்கிறது, தண்டை மாற்றுங்கள். சுற்று முழுக்க ஒரே சீராக இறுகினால் தண்டின் மேல் தவறில்லை, புஷ் சிறியதாக இருக்கிறது அல்லது தாங்கி கோட்டில் இல்லை. அதைப் பிரித்தறிய, புஷ்ஷை மட்டும் வெளியே எடுத்துத் தண்டில் போட்டுப் பாருங்கள். அங்கே தாராளமாகச் சுற்றினால் கோடுதான் தவறு. இதற்காகவே புஷ்ஷை எபாக்ஸியால் ஒட்டாமல், கையால் அழுத்தி நுழையும் அளவில் வைத்து, ஒரு துளி பூட்டுப் பசையால் (திருகு தளராமல் இருக்கப் போடும் பசை) நிறுத்துங்கள். கோடு கொஞ்சம்தான் தவறியிருக்கிறது, தாங்கியைப் பிடுங்க மனமில்லை என்றால் ஒரு வழி உண்டு: பழைய புஷ்ஷை எடுத்துவிட்டு, வெளிவிட்டம் 5.4 மி.மீ. உள்ள மெல்லிய வெண்கல புஷ்ஷைத் தண்டில் கோத்து, குடத்துக்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளியில் எபாக்ஸி நிரப்பி, தண்டு உள்ளே இருக்கும்போதே, தண்டில் பசை படாமல் இறுகவிடுங்கள். 0.3 மி.மீ. வரையிலான பிழையை இது விழுங்கிவிடும். டெல்ரினில் எபாக்ஸி பிடிக்காது, அதனால் இதற்கு வெண்கலம்தான்.

பெயிண்ட் அடிக்கும்போது புஷ் துளையைக் கிரீஸ் தடவிய குச்சியால் அடைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் ஓட்டினால் அன்றன்றே நல்ல தண்ணீரில் அலசுங்கள். பித்தளையிலுள்ள துத்தநாகத்தை உப்புநீர் அரித்தெடுக்கும், கால்கள் இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கினால் அந்தத் தாங்கியை இனி நம்பாதீர்கள்.